சுண்ணாம்பு மலையின் குட்டைப் பனை

(உழவர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலையும் மலைக்காய்கறியும் பயிரிடும் விவசாயி ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைப் பார்க்க வந்தார். வீட்டு முன்புறத்தில் வைப்பதற்கு ஒரு செடி வாங்கப் போவதாகச் சொல்லிக் கைப்பேசியில் படம் காட்டினார். இடுப்பளவு உயரம், ஒரே தூரில் ஐந்தாறு தண்டுகள், விசிறி போன்ற சிறிய ஓலைகள். "ஐயா, இது பனையா, ஈச்சையா? உறைபனியைத் தாங்கும் என்கிறார்களே, உண்மைதானா? இந்த இத்துனூண்டு செடிக்குக் கன்றுக்குட்டி விலை சொல்கிறார்களே, ஏன்?" என்று மூன்று கேள்வி கேட்டார்.

மூன்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு, அவர் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றை நான் அவரிடம் கேட்டேன். "இந்தச் செடி விதையிலிருந்து வளர்ந்ததா, ஏதாவது மலையிலிருந்து தோண்டி எடுத்ததா?" அது அவருக்குத் தெரியவில்லை. விற்பவரிடம் கேட்டுச் சொல்வதாகச் சென்றார். அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இன்று உங்களுக்குச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தென்னையும் பனையும் வைத்திருப்பவர்களுக்கு இதில் தெரிந்து கொள்ள வேண்டியவை உண்டு.

இது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தாவர நூல்களில் இதன் பெயர் கேமிரோப்ஸ் ஹூமிலிஸ். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் வைத்த பெயர். அதன் முதல் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் தரையோடு கிடக்கும் புதர் என்று பொருள். தமிழில் இதற்கு வழங்கும் பெயர் இல்லை. இந்த உரையில் குட்டைப் பனை என்றே சொல்லி வருவேன்.

இதன் சொந்த நாடு மத்தியதரைக் கடலின் மேற்குப் பாதி. போர்ச்சுகலின் தென்கோடி, ஸ்பெயினின் தெற்கும் கிழக்கும், மயோர்க்கா முதலிய தீவுகள், இத்தாலியின் மேற்குக் கரை, சார்டினியா, சிசிலி; கடலுக்கு அப்பால் மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா. உலகில் பனைக் குடும்பத்து மரங்கள் 2,500 வகைக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வெப்ப நாடுகளை விட்டு நகர மாட்டா. இயற்கையாக வளர்வனவற்றுள் எல்லாவற்றையும் விட வடக்கே சென்று நிற்பது இந்தக் குட்டைப் பனைதான். பிரான்சின் தென்கரையில் 43 பாகை வடக்கில் இது இருக்கிறது. நம் சென்னை 13 பாகையில் உள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தத் தூரம் புரியும்.

பாறை இடுக்கில் வாழ்க்கை

குட்டைப் பனையை நேரில் பார்க்காதவர்களுக்கு வடலியைக் காட்டிப் புரிய வைக்கலாம். விசிறி ஓலை, மட்டையின் இரு புறமும் கருக்கு, தண்டைச் சுற்றிப் பன்னாடை, ஆண் தனி பெண் தனி என்று எல்லாம் நம் பனையைப் போலத்தான். மட்டையின் கருக்கு மட்டும் ரம்பப் பல்லாக இராமல் நீண்ட ஊசி முட்களாக இருக்கும். வேறுபாடுகள் இரண்டு. நம் பனை ஒற்றை மரம். இது தூர் கட்டும் செடி. ஒரு தண்டின் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிக் கொண்டே இருக்கும். இரண்டாவது, நம் பனை 20, 30 மீட்டர் போகும். இது காட்டில் ஒன்று, இரண்டு மீட்டரோடு நின்றுவிடும். நெருப்பும் ஆடும் தொடாத தோட்டத்தில் பல தலைமுறை விட்டு வைத்தால் ஐந்தாறு மீட்டர் வரும்.

இது மணலிலும் வளரும், செம்மண்ணிலும் வளரும். ஆனாலும் சுண்ணாம்புப் பாறை மலைகளில்தான் இதன் குணம் முழுவதையும் பார்க்கலாம். சுக்கான் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தரை எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழை நீர் நிற்காது. பாறை வெடிப்பு வழியே உள்ளே போய்விடும். மேலே ஒரு சாண் மண் கூட இராது. இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிட்டாது. பல செடிகள் வெளிறிப் போகும். அங்கே மழையும் குளிர்காலத்தில்தான். கோடை நான்கு மாதமும் வானம் வறண்டு கிடக்கும். இந்தத் தரையில் குட்டைப் பனை வெடிப்புக்குள் வேரை இறக்கி, ஓலையைத் தடிப்பாக வைத்துக் கொண்டு, மிக மெதுவாக வளர்கிறது. தண்டு ஆண்டுக்குச் சில செ.மீ. வளர்ந்தால் அது நல்ல ஆண்டு. கோத்தகிரி விவசாயி கேட்ட விலைக்குக் காரணம் இதுவே. இடுப்பளவு உயர்ந்த செடி என்றால் அதற்குப் பல பத்தாண்டு வயது இருக்கக் கூடும்.

குளிரைத் தாங்கும் என்பதும் உண்மைதான். நன்கு வேர் பிடித்த செடி சுழிக்குக் கீழ் 10 பாகை செல்சியஸ் வரையில் சில இரவுகள் தாங்கிக் கொள்ளும். மொராக்கோவின் அட்லஸ் மலையில் 1,500 மீட்டருக்கு மேலும் ஒரு வகை வளர்கிறது. அதன் ஓலையில் மெழுகு படிந்து வெளிறிய நீல நிறமாக இருக்கும். பனிக்காலத்தில் அதன் மேல் வெண்பனி விழுந்து கிடக்கும். அந்த வகைக்குத்தான் தோட்டக்காரர்களிடம் கிராக்கி அதிகம்.

மெதுவாக வளர்வது என்பதற்கு ஒரு சாட்சி இத்தாலியில் இருக்கிறது. பதுவா நகரப் பல்கலைக் கழகத் தாவரத் தோட்டம் 1545-இல் ஏற்பட்டது. அங்கே 1585-இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூடம் கட்டிக் காப்பாற்றி வருகிறார்கள். ஜெர்மன் கவிஞர் கெதே 1786-இல் அங்கு போயிருந்தபோது இதன் ஓலைகளை உற்றுப் பார்த்தார். அடியில் முதல் ஓலை வாள் போல ஒற்றை ஓலை. அடுத்தது கொஞ்சம் கிழிந்தது. அதற்கடுத்து இரண்டாகப் பிளந்தது. மேலே போகப் போக முழு விசிறி. ஒரே உறுப்புத்தான் படிப்படியாக உருமாறுகிறது என்ற எண்ணம் அவருக்கு அங்கே வலுப்பட்டது. 1790-இல் தாவர உருமாற்றம் பற்றி நூல் எழுதினார். அந்தப் பனைக்கு இப்போது கெதேயின் பனை என்றே பெயர். பனங்கொட்டை போட்டு வளர்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வடலியின் முதல் ஓலை விசிறியாக வருவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பார்த்துக் கொண்டே இருக்கும் ஒன்றை ஒருவர் நின்று பார்த்தார்; அவ்வளவுதான்.

உயிர் எங்கே இருக்கிறது?

எந்தச் செடியாக இருந்தாலும் அதன் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விவசாயி பார்த்துக் கொள்வார். நெல்லுக்குத் தூரில், மாவுக்கு ஒட்டுக்கு மேலே, தென்னைக்குக் குருத்தில். குட்டைப் பனைக்கு இரண்டு இடம். ஒன்று மண்ணுக்குள் பாறை இடுக்கில் கிடக்கும் கட்டையான தூர். மற்றொன்று ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் உள்ள குருத்து. குருத்து ஒன்று போனால் அந்தத் தண்டு போகும். தூர் இருக்கும் வரை வேறு தண்டு வரும். இதை மனத்தில் வைத்துக் கொண்டு மேலே கேளுங்கள்.

காட்டுத் தீயைப் பாருங்கள். சிசிலித் தீவின் வடமேற்கு மூலையில் சிங்காரோ என்ற சுண்ணாம்பு மலைக் கரை இருக்கிறது. அங்கே ஒரு கடற்கரைச் சாலை போடத் திட்டமிட்டபோது 1980 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தே சென்று தடுத்தார்கள். மறு ஆண்டு அது சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகமாயிற்று. அதன் சின்னமே குட்டைப் பனைதான். 2012 ஆகஸ்டில் அந்தக் காப்பகத்தில் பெருந்தீ பரவியது. இத்தகைய தீயில் மலைச் சரிவு கருகிக் கரிக்கட்டையாகும். ஆனால் தண்டைச் சுற்றியுள்ள மட்டை அடிகளும் பன்னாடையும் மேலே எரிய, உள்ளே உள்ள குருத்துப் பல சமயம் தப்பிவிடுகிறது. தப்பாவிட்டாலும் தூரிலிருந்து கன்று வரும். அடுத்த மழைக்கு முன்பே கருகிய சரிவில் பச்சை விசிறிகள் எழுவதை அந்த ஊரார் பார்த்துப் பழகியவர்கள். மழை வரும்போது மண்ணைப் பிடித்து நிறுத்த அங்கே முதலில் இருப்பது இதுதான்.

ஆடு வந்தால்? பசியுள்ள ஆடு இளங்குருத்தைக் கடிக்கும். முள் இருப்பதால் அடியோடு தின்ன முடியாது. அந்த முட்புதருக்குள் விழுந்த வேறு விதைகளுக்கும் மறைவு கிடைக்கிறது. வறட்சி வந்தால் வளராமல் நின்றுவிடும். இவை எல்லாம் இந்தச் செடி தலைமுறை தலைமுறையாகப் பார்த்த பகைகள்.

நட்பும் அப்படித்தான். இதன் பூவைச் சேர்த்து வைப்பது ஒரு சின்னக் கூன்வண்டு. டெரிலோமஸ் கேமிரோப்சிஸ் என்பது அதன் பெயர். வசந்தத்தில் பாளை வெடிக்கும் வேளையில் இந்தச் செடி வண்டை அழைக்க வாசனை விடுகிறது. பூவிலிருந்து அல்ல, ஓலையிலிருந்து! பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2003-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பூக்கும் நாட்களில் மட்டும் ஓலை வாசனை விடும்; பூ முடிந்ததும் நின்றுவிடும். வண்டு ஆண் பாளையில் தங்கி, அதன் காம்பில் முட்டையிட்டுப் பெருகி, மகரந்தத்தைப் பெண் பாளைக்குக் கொண்டு போகிறது. எண்ணெய்ப்பனை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மலேசியாவில் 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கூன்வண்டு கொண்டு வந்து விடும் வரை எண்ணெய்ப்பனைக்குக் கையால் மகரந்தம் தூவிக் கொண்டிருந்தார்கள். நம் நாட்டிலும் பின்னர் அதே வண்டை விட்டார்கள். பனைக்கும் கூன்வண்டுக்கும் உள்ள உறவு எல்லா இடத்திலும் பகை அல்ல.

பழம் பழுத்ததும் ஒரு கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் வரும். நமக்குப் பிடிக்காது, நரிக்கும் வளைகரடிக்கும் பிடிக்கும். அவை தின்று எச்சத்தோடு கொட்டையைத் தொலைவில் போடுகின்றன.

கடப்பாரையும் நார் ஆலையும்

தீயையும் ஆட்டையும் பனியையும் தாங்கிய செடி, கடப்பாரையைத் தாங்கவில்லை.

1830-இல் பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அந்நாட்டு மக்களிடமிருந்து பறித்த நிலத்தில் ஐரோப்பியக் குடியேறிகளை அமர்த்தினார்கள். அல்ஜியர்ஸ் நகருக்குத் தெற்கே உள்ள மித்திஜா சமவெளியிலும் அதைச் சுற்றிய மேட்டிலும் குட்டைப் பனை அடர்ந்து கிடந்தது. புதிதாக வந்தவர்களுக்கு அது முதல் எதிரி. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தீ வைத்தால் இன்னும் செழிப்பாக வரும். ஏர் ஓட்டினால் கொழு உடையும். கடைசியில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒவ்வொரு தூராகத் தோண்டி எடுத்தார்கள். தோண்டும் கூலி நிலம் வாங்கியவரைத் திணறடித்தது. நம்மூரில் கோரையோடும் அருகோடும் போராடியவர்கள் அந்த அலுப்பை உணர முடியும். ஆனால் கோரை மறுபடி வந்துவிடும். தூர் தோண்டிய குட்டைப் பனை வராது. அந்தச் சமவெளி பிறகு திராட்சையும் ஆரஞ்சுமாக ஆயிற்று.

அந்நாட்டு மக்களோ அந்தச் செடியை என்றைக்கும் களையாக நினைத்ததில்லை. கயிறு, பாய், கூடை, சுமை விலங்கின் மேல் போடும் பை எல்லாவற்றுக்கும் அதுதான் சரக்கு. இதைப் பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புதிய தொழில் ஒன்று கிளம்பியது. ஓலையைப் பல் வைத்த உருளையில் கொடுத்து நார் நாராகக் கிழிப்பார்கள். நாரைக் கயிறாக முறுக்கி அப்படியே காய வைப்பார்கள். காய்ந்த பின் முறுக்கைப் பிரித்தால் நார் சுருள் சுருளாக நிற்கும். குதிரை மயிருக்குப் பதிலாக மெத்தை, சேணம், வண்டி இருக்கை, சாய்வு நாற்காலி இவற்றில் அடைத்தார்கள். தாவரக் குதிரைமயிர் என்றே அதற்கு வணிகப் பெயர். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநாரை முறுக்கிச் சுருள்நார் செய்து ரப்பர் மெத்தைக்கு அனுப்புகிறோம் அல்லவா, செய்முறை ஏறக்குறைய அதேதான்.

அல்ஜீரியாவிலிருந்தும் பின்னர் மொராக்கோவிலிருந்தும் இந்த நார் பொதி பொதியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. நேற்று வரை பிடுங்கி எரித்த செடிக்கு விலை வந்தது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஓலையை மட்டும் அறுத்த சரிவுகளில் செடி நின்றது. அறுத்த இடத்தில் அடுத்த ஆண்டு ஓலை வந்தது. நிலத்துக்காகத் தூரைத் தோண்டிய சமவெளியில் ஆலைக்கு ஓலை இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் நுரையும் செயற்கை நுரைப் பஞ்சும் வந்து அந்தத் தொழிலும் தேய்ந்துவிட்டது.

கைத்தொழில் மட்டும் சில இடங்களில் தொடர்கிறது. மயோர்க்காத் தீவில் ஆர்த்தா, கப்தெபேரா என்ற ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதன் ஓலையில் கூடை முடைகிறார்கள். கோடைத் தொடக்கத்தில் குருத்தோலையை மட்டும் உருவி எடுக்கிறார்கள். வெயிலில் காய வைத்து, மூடிய பெட்டியில் கந்தகப் புகை காட்டினால் ஓலை வெள்ளை வெளேரென்று ஆகும். அதைக் கிழித்து நீண்ட பட்டையாகப் பின்னி, பட்டையைச் சுற்றிச் சுற்றி வைத்து ஊசியால் தைத்துக் கூடையாக்குகிறார்கள். போர்ச்சுகலின் தென்பகுதியிலும் இதே வேலை உண்டு. இராமநாதபுரம், தூத்துக்குடிப் பெண்கள் பனை ஓலைப் பட்டை பின்னுவதைப் பார்த்தவர் அந்த வேலையை உடனே அடையாளம் கண்டு கொள்வார். ஓலை எடுப்பதில் அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே தூரில் எல்லாத் தண்டிலும் உருவ மாட்டார்கள். சிலவற்றை விட்டு வைப்பார்கள்.

குருத்தை அடியோடு வெட்டித் தின்பது வேறு விஷயம். தென் ஸ்பெயினில் ஜனவரி மாதத் திருவிழாக்களில் இந்தக் குருத்தை விற்பது பழைய வழக்கம். வெட்டிய தண்டு அத்துடன் முடிந்தது. தூரோடு பிடுங்கினால் செடியே முடிந்தது. ஸ்பெயினின் சில வட்டாரங்களில் அனுமதியின்றி இதைத் தோண்டி எடுக்கத் தடை உள்ளது.

விருந்தாளியாக வந்த புழு

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கடப்பாரைக்கு அடுத்தபடியாக, குருத்தையும் தூரையும் ஒருசேரத் தாக்கும் எதிரி இந்தச் செடிக்கு வந்திருக்கிறது. அதை மனிதர்களே விலை கொடுத்து வாங்கி வந்தார்கள்.

1990-களில் ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டம், விடுதி, சாலை ஓரம் என்று எங்கும் பெரிய பனைகளை வைக்கும் ஆசை பெருகியது. விதை போட்டு வளர்க்கப் பொறுமை இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து வளர்ந்த பனைகளை வேரோடும் மண்ணோடும் கப்பலில் இறக்கினார்கள். அவற்றின் தண்டுக்குள் ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் இருந்தன. பேசாண்டிசியா ஆர்கான் என்பது பூச்சியின் பெயர். அதன் சொந்த இடம் அர்ஜென்டினா, உருகுவே பகுதி. 2001-இல் ஸ்பெயினின் வடகிழக்கிலும் பிரான்சின் தென்கரையிலும் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே இத்தாலியிலும் மயோர்க்காவிலும் தெரிய வந்தது.

பூச்சியைப் பார்த்தால் அழகுதான். இறக்கை விரித்தால் 9 முதல் 11 செ.மீ.; முன்னிறக்கை பழுப்பு, பின்னிறக்கை ஆரஞ்சுச் சிவப்பில் கறுப்பும் வெள்ளையும். பட்டாம்பூச்சி போலப் பகலில் வெயிலில் பறக்கும். பன்னாடை நார்களுக்கு இடையில் முட்டையிடும். முட்டை ஓர் அரிசி மணி அளவும் வடிவமும் கொண்டது. பொரிந்த புழு நேரே தண்டுக்குள் போய்விடும். அங்கேயே ஓராண்டு, சில சமயம் ஏறக்குறைய இரண்டாண்டு தின்று 9 செ.மீ. நீளம் வரை வளரும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது வரை பெரிதாக ஒன்றும் தெரியாது.

தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. தென்னையில் காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தால், ஓலை விரிந்த பின் கத்தரித்தது போல வெட்டு விழுந்திருக்கும். அதே கதைதான். மடிந்த விசிறியை இந்தப் புழு ஒரு முறை துளைக்கிறது. விசிறி விரியும்போது ஓலையின் குறுக்கே வரிசையாகத் துளைகள் வில் போலத் தெரியும். மடித்த தாளில் ஊசி குத்திப் பிரித்துப் பாருங்கள், உடனே விளங்கிவிடும். குருத்தடியில் மரத்தூள் போன்ற கழிவும் தள்ளியிருக்கும்.

ஒரே புழு ஒரு பெரிய மரத்தை உடனே கொன்றுவிடாது. குட்டைப் பனையின் தண்டோ மெல்லியது. புழு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் துளைத்துப் போய்த் தூரையும் கெடுத்துவிடுகிறது. தீக்குப் பிறகு துளிர்த்த செடி இதற்குப் பிறகு பல சமயம் துளிர்ப்பதில்லை. தோட்டத்தில் தொடங்கிய இந்தப் பூச்சி மலையில் இயற்கையாக நிற்கும் செடிகளுக்கும் பரவிவிட்டது. அர்ஜென்டினாப் பனைகள் இந்தப் பூச்சியோடு வளர்ந்தவை. குட்டைப் பனை இதை முன்பு கண்டதே இல்லை.

இப்படி ஊர் மாறிப் போனதில் நம் பக்கத்துப் பூச்சியும் ஒன்று உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தென்னந்தோப்பில் நாம் அன்றாடம் போராடும் சிவப்புக் கூன்வண்டுக்குத் தெற்கு, தென்கிழக்கு ஆசியாதான் சொந்த ஊர். 1980-களில் அது வளைகுடா நாடுகளின் பேரீச்சைக்குப் போயிற்று. 1990-களில் எகிப்துக்கும் ஸ்பெயினுக்கும் போயிற்று. அதுவும் வேரோடு பெயர்த்த பனைகளுக்குள் உட்கார்ந்துதான் போயிற்று. மத்தியதரைக் கரையோர நகரங்களில் கேனரித் தீவுப் பேரீச்சைகள் ஆயிரமாயிரமாகத் தலை சாய்ந்தன. குட்டைப் பனையில் மட்டும் அது எளிதாக நுழைய முடிவதில்லை. வெட்டுக் காயம் இருந்தால்தான் உள்ளே போக வழி கிடைக்கிறது. பச்சை மட்டையை இழுத்துக் கிழிக்காதீர்கள், தண்டில் காயம் படுத்தாதீர்கள் என்று தென்னைக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகவே.

அந்துப்பூச்சிக்கு என்ன செய்கிறார்கள்? பூச்சிகளைத் தாக்கும் நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து குருத்தடியில் ஊற்றுகிறார்கள். பிவேரியா பேசியானா என்ற பூசணத்தைத் தெளிக்கிறார்கள். பூச்சி பறக்கும் கோடை மாதங்களுக்கு முன் தண்டில் பசை பூசி முட்டை வைக்காமல் தடுக்கிறார்கள். தோட்டத்தில் இவை பலன் தருகின்றன. பாறைச் சரிவில் ஏறி ஒவ்வொரு புதருக்கும் ஊற்றிக் கொண்டிருக்க யாரால் முடியும்? ஐரோப்பிய நாடுகள் 2009-இல் கட்டுப்பாடு கொண்டு வந்தன. குறிப்பிட்ட பனை இனங்களில் அடித்தண்டு 5 செ.மீ.க்கு மேல் பருமனுள்ள செடிகளுக்குத்தான் அந்த விதி. சிறு நாற்றுக்குள் அந்தப் புழுவுக்கு இடமில்லை என்பதே அதன் கணக்கு. அந்தக் கட்டுப்பாடு பத்தாண்டு பிந்தி வந்தது என்பது என் கருத்து.

நாம் வளர்க்கலாமா?

வருமானத்துக்கு என்றால் வேண்டாம். நார், ஓலை, பழம் எதற்கும் நம் பனையும் தென்னையும் ஈச்சையும் இதைவிடப் பன்மடங்கு தரும். அழகுச் செடியாக மலைப் பகுதிகளில் ஆசைப்படுபவர்கள் வைக்கலாம். அங்கே பனியை விட மழைதான் இதற்குச் சிரமம். கோடையில் காய்ந்து குளிரில் நனைந்து பழகிய செடி இது. நமக்கோ தென்மேற்குப் பருவமழை கோடை முடிவில் கொட்டுகிறது. தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும். ஆகவே மேடான இடத்தில் அல்லது அடியில் நல்ல துளையுள்ள தொட்டியில் வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணலும் சிறு கல்லும் சேருங்கள். நீலகிரி மண் புளிப்பு மிகுந்தது. தேயிலைக்கு இடும் டோலமைட்டில் ஒரு கைப்பிடி தொட்டி மண்ணில் கலந்து கொண்டால் நல்லது.

விதையிலிருந்து வளர்ப்பதே முறை. பழுத்த பழத்தின் சதையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கொட்டையை இரண்டு மூன்று நாள் நீரில் ஊற வையுங்கள். தினமும் நீரை மாற்ற வேண்டும். பிறகு ஈர மணலில் இரண்டு செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம். முளைக்க இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். அது வரை மணலைக் கிளறிப் பார்க்காதீர்கள். முளைக்கும்போது வேர்தான் முதலில் கீழே போகும். எனவே ஆழமான பையாகத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓலைகள் புல் போல வரும். விசிறி தெரியச் சில ஆண்டு ஆகும். ஆண், பெண் எது என்று பூக்கும் வரை சொல்ல முடியாது.

வெளிநாடு போய் வரும் பிள்ளைகள் பெட்டிக்குள் விதையோ கன்றோ போட்டுக் கொண்டு வருவது கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக் காப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். நாற்றங்காலில் வாங்குவதானால் சிறிய, விதை வழி வந்த செடியாக வாங்குங்கள். வளர்ந்த தூராக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அடியில் பழைய வேர்கள் கோணல் மாணலாக வெட்டுப்பட்டு, கல் ஒட்டிக் கொண்டிருந்தால் அது தோண்டி எடுத்த செடி.

கோத்தகிரி விவசாயி பத்து நாள் கழித்துப் பேசினார். விற்பவரால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லையாம். அந்தத் தூரை அவர் வாங்கவில்லை. பையில் வளர்ந்த, மூன்று ஓலை விட்ட நாற்று ஒன்றை வேறோர் இடத்தில் வாங்கியிருக்கிறார். ஓலை இன்னும் விசிறியாகவில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை புதிய ஓலை விரியும்போது வரிசைத் துளை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் எந்த அழகுப் பனையிலாவது அப்படித் துளை கண்டால் செடியை வெட்டி எறிந்துவிடாமல், அப்படியே வலை போட்டு மூடி வைத்துவிட்டு, பக்கத்து ஆராய்ச்சி நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் மையத்துக்கோ உடனே தகவல் கொடுங்கள்.